பாலை நகரின் கட்டடங்களும் புகைப்படக் கலையும்

ஒரு கட்டடத்தை நேரிற் சென்று காண்பவர் சிலரே. அதன் புகைப்படத்தைக் காண்பவரோ மிகப் பலர். ஆதலின், கட்டடக் கலையின் வரலாற்றில் சிற்பிக்கு அடுத்தபடியாகப் புகைப்படக்காரருக்கும் ஓர் இடம் கொடுத்தல் தகும். இதற்கு நல்ல சான்றாக விளங்குவது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள பாம் ஸ்பிரிங்ஸ் என்னும் சிறு நகரம்.

அந்நகர் சுமார் 10,800 அடி உயரமுள்ள சான் ஹசிண்டோ மலையின் கீழ்ப்புற அடிவாரத்தில், பாலை நிலத்தில் அமைந்தது. ஆண்டில் ஐந்து அங்குலமளவே மழை பெய்யும். கோடையில் வெப்பம் 110 பாரன்ஹீட் டிகிரியைக் கடப்பது வழக்கம். குளிர்காலமோ மிக இனியது. ஆதலின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துச் சினிமா நடிகரும், வெளி மாகாணங்களின் செல்வரும் அங்கே குளிர்கால மனைகள் கட்டிக்கொண்டனர். இரண்டாம் உலக யுத்தம் 1945இல் முடிவுற்ற பின்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அங்கு எழுந்த வீடுகள் பழைய மரபினின்று முற்றும் வேறுபட்டவை. தட்டையான கூரை, நிழலுக்காக வெளியே நெடுந்தூரம் நீண்ட இறவாரம், மெல்லிய எஃகுத் தூண்கள், சுவர் இருக்கவேண்டிய இடத்திற் கண்ணாடி இவையே அவற்றின் இலக்கணம். ஆல்பர்ட் பிரே என்னும் சிற்பி 1964இல் மலைச்சரிவிலே தமக்கெனக் கட்டிய வீட்டினுள் ஒரு பெரும்பாறையை அகற்றாது அப்படியே விட்டுவைத்தார். வில்லியம் கிரைசல் என்பாரோ இத்தகைய வீடுகள் செல்வர்க்கே உரியன என்னும் நிலையை மாற்றினார். அவரும் அவர் கூட்டாளியும் வகுத்த அமைப்பின்படி எழுந்தவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை.

இவை எல்லாவற்றினும் பெயர் பெற்றது, வியன்னாவிற் பிறந்த ரிச்சர்ட் நாய்ட்ரா, பிட்ஸ்பர்க் நகர வணிகரான எட்கர் காஃப்மன் என்பாருக்காக 1946இல் கட்டிமுடித்த வீடு. ஒரு நிலைக்கு மேல் அங்கே கட்டலாகாது என்பது நகர விதி. நாய்ட்ரா அவ்விதியை மீறவில்லை. ஆனால் கூரையின்மீது சுவரில்லாத மண்டபம் ஒன்றை அமைத்து, அதன் பக்கங்களிற் செங்குத்தான அலுமினியத் தகடுகளை நிறுத்தினார். மணற்காற்று வீசுங்கால் அவற்றைத் திருப்பி மூடிக்கொள்ளலாம். விதியின் சொல்லுக்கு அடங்கி அதன் நோக்கத்தைத் தாண்டிய இச்சாமர்த்தியம் நம் சட்ட மாணவர்க்குச் சுவையாக இருக்கும்.

இத்தகைய வீட்டைப் படமெடுப்பது எளிதன்று. முதலாவது, நிமிர்ந்த கோடுகளின் தொல்லை. கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்து நமது கல்லூரிக் கோபுரத்தைப் படமெடுத்துப் பார்த்தவர், அஃது உச்சியில் ஒடுங்கிப் பின்னே சாய்வதாகத் தோன்றுவதைக் கண்டிருப்பர். பிலிம் சுவருக்கு நேர் இணையாக நில்லாமையே இதற்குக் காரணம். துருத்தியுடைய பெரிய காமிராவில் பிலிமைச் சாய்க்காமலே, லென்ஸை மட்டும் மேலே உயர்த்திக்கொள்ளலாம். கோடுகள் நேராகவே நிற்கும். கோடுகளே அழகாக உள்ள கட்டடத்திற்கு இது மிக இன்றியமையாதது.

இரண்டாவது தொல்லை இதனினும் பெரிது, அதுதான் வெளிச்சம். நண்பகலிற் பாலைவனத்தின் ஒளி வீட்டினுள் உள்ள ஒளியினும் பன்மடங்கு மிகுதி. நம் கண் இரண்டுக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பிலிமுக்கு அவ்வாற்றல் இல்லை. வெளிப்புறத்துக்கு ஏற்ப எடுத்தால் கண்ணாடிக்கு உள்ளிருப்பவை கரிய இருளாகும். உட்புறத்துக்கு ஏற்ப எடுத்தால் மலையும் வானமும் வெளுத்து மறைந்துவிடும். உள்ளும் புறமும் ஒன்றாகவேண்டும் என்பதற்காகவே கட்டிய வீடு, படத்தில் இரண்டாகப் பிளந்துபோகும். இவ்விரண்டும் ஒத்த அளவில் ஒளிரும் வேளை, விளக்கேற்றிய பிறகு வரும் அந்திப்பொழுது ஒன்றே. பாம் ஸ்பிரிங்ஸுக்கோ இதிலொரு தனிச்சிறப்புண்டு. மேற்கே மலை நிற்பதால் ஞாயிறு அங்கே முன்னதாகவே மறைகின்றது. ஊர் முழுவதும் நிழலில் மூழ்கிய பின்னும் வானம் நெடுநேரம் ஒளியுடன் இருக்கும்.

இதனைக் கண்டு பயன்கொண்டவர் ஜூலியஸ் ஷுல்மன். 1910இற் பிறந்த இவர் சிற்றளவான கைக்காமிரா ஒன்றினால் 1936இல் நாய்ட்ராவின் வீடொன்றைப் படமெடுத்து, அவர் மதிப்பைப் பெற்று, அதனையே தொழிலாக்கிக் கொண்டவர். 1947இல் காஃப்மன் வீட்டில் இருவரும் வேலை செய்துகொண்டிருந்தபோது, மாலையொளி மாறுவதைக் கண்ட ஷுல்மன், வீட்டினுள்ளேயே படமெடுக்க வேண்டுமென்ற நாய்ட்ராவின் விருப்பத்தையும் பொருட்படுத்தாமல், காமிராவுடன் வெளியே ஓடினார் என்பர். நீச்சற் குளத்துக்கு அப்பால் நின்று, ஒரே பிலிமில் ஏறத்தாழ முக்கால் மணிநேரம் சிறிது சிறிதாக ஒளி விழச்செய்தார். வானத்துக்கு ஒரு முறை, வீட்டு விளக்குகளுக்கு ஒரு முறை, குளத்து விளக்குக்கு ஒரு முறை என ஷட்டரைத் திறந்தும் மூடியும், விளக்குகளை ஏற்றியும் அணைத்தும் அப்படம் உருவாயிற்று. குளத்து விளக்கின் கூச்சம் லென்ஸில் நேரே விழாமல் மறைப்பதற்காகக் காஃப்மனின் மனைவியாரைக் கரையிற் சாய்ந்து படுத்திருக்கச் சொன்னார். பார்ப்பவர்க்கோ, அவர் மாலைக்காற்றை நுகர்ந்து ஓய்ந்திருப்பதாகவே தோன்றும்.

அப்படியாயின் இப்படம் பொய்யா என வினவலாம். அக்காட்சியை அங்கே நின்ற எவரும் எந்த ஒரு கணத்திலும் கண்டதில்லை என்பது உண்மை. இலையடர்ந்த கிளையை வெட்டி லென்ஸின் முன்னே பிடிக்கச் செய்து, தோட்டமில்லாத புதுவீட்டுக்குத் தோட்டமிருப்பதுபோற் காட்டும் வழக்கமும் ஷுல்மனுக்கு உண்டு. இது விளம்பரத்தின் எல்லையைத் தொடுவதாகும், எனக்கு உவப்பன்று. ஆனால் அந்தி நேரப் படம் அவ்வகையினதன்று. ஒளியும் சுவரும் மலையும் அங்கே உள்ளவையே. முக்கால் மணிநேரத்தில் தனித்தனியே நிகழ்ந்தவற்றை ஒரு தாளிற் சேர்த்ததே அவர் செய்தது.

இதன் பயன் பின்னரே தெரிந்தது. 1955இற் காஃப்மன் இறந்தபின் வீடு பலர் கைக்கு மாறிற்று. முற்றம் ஒன்றை அடைத்தனர், அறைகளைச் சேர்த்தனர், குளிர்சாதனப் பெட்டிகள் கூரையின் நேர்கோட்டைக் கெடுத்தன. 1990களில் அதனை வாங்கியவர் பழைய நிலைக்கு மீட்க விரும்பினர். அப்போது சிற்பிகளுக்கு வழிகாட்டியவற்றுள் முதன்மையானவை, ஷுல்மன் அச்சிடாமல் வைத்திருந்த உட்புறப் படங்கள். எவரும் புகழாத அப்படங்களிலிருந்தே எந்தச் சுவர் எங்கே முடிந்தது, எந்த மரவேலை எவ்வாறு இருந்தது என்பது தெளிவாயிற்று. சுவருக்கு ஒத்த கல் வேண்டி யூட்டா மாகாணத்தில் மூடிக்கிடந்த சுரங்கமொன்றைத் திறக்கச் செய்ததாகவும் கூறுவர். ஷுல்மன் 2009இல் மறைவதற்கு முன்பே, அவருடைய 2,60,000க்கு மேற்பட்ட படங்களும் நெகட்டிவ்களும் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கெட்டி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தன.

எல்லா வீடுகளுக்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. அருகிலுள்ள ராஞ்சோ மிராஜ் நகரில் அதே நாய்ட்ரா 1962இற் கட்டிய மாஸ்லன் வீட்டை, 2002இல் புதிதாக வாங்கியவர் சில வாரங்களுக்குள் இடித்துத் தரைமட்டமாக்கினார். நகர ஆட்சியாரின் அனுமதியும் அதற்குக் கிடைத்தது. அங்கே மீட்பதற்கு ஒரு சுவரேனும் எஞ்சவில்லை. அவ்வீட்டை இன்று காண விரும்புவோர் வரைபடங்களையும் புகைப்படங்களையுமே நாடவேண்டும்.