தலையில் பட்ட அடியும் எலிக்குஞ்சு சொன்ன பாடமும்

விளையாடும் பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டால், ரத்தம் வருகிறதா, வீங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறோம். இரண்டும் இல்லையென்றால் "ஒன்றுமில்லை, போய் விளையாடு" என்று அனுப்பிவிடுகிறோம். ஆனால் 'கன்கஷன்' எனப்படும் மூளை அதிர்ச்சி வெளியே தெரிவதில்லை. ஸ்கேனிலும் பெரும்பாலும் அகப்படாது.

ஓடும் வண்டி சட்டென்று நின்றால் உள்ளே நிற்பவர் முன்னால் சாய்வதுபோல, மண்டை ஓட்டுக்குள் மூளையும் அசைகிறது. தலை வெடுக்கென்று சுழலும்போது மூளையின் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. நேராகத் தள்ளப்படுவதைவிட இந்தச் சுழற்சியே அதிகக் கெடுதல் என்று 1943இல் ஆக்ஸ்போர்டின் ஹோல்போர்ன் ஜெலட்டின் மாதிரிகளைக் கொண்டு விளக்கினார்.

குழந்தைகளை வைத்து இதைச் சோதிக்க முடியாது. எனவே விஞ்ஞானிகள் இளம் விலங்குகளை நாடினார்கள். எலியின் மூளை வழவழப்பானது. பன்றியின் மூளையிலோ நம்முடையதைப் போல மடிப்புகள் உண்டு. அதனால் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்குலீஸ் குழுவினர் பன்றிக்குட்டிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, தலையில் அடிக்காமலே வேகமாகச் சுழற்றி ஆராய்ந்தார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகக் குழுவினர் 35 நாள் வயதுடைய எலிகளை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். லேசான ஓர் அடிக்குப் பின் மூளை குளுக்கோஸைப் பயன்படுத்தும் அளவு குறைந்தது; மூன்று நாளில் சரியானது. அதற்குள், 24 மணி நேரத்தில் இன்னோர் அடி பட்டபோது குறைவு அதிகமாகி நீடித்தது.  ஐந்து நாள் கழித்துப் பட்ட அடி அவ்வாறு கூடுதல் கெடுதல் செய்யவில்லை. ஆக, மூளை தேறுவதற்குள் விழும் இரண்டாவது அடிதான் பொல்லாதது.

எலியின் மூன்று நாள் கணக்கு பிள்ளைகளுக்குப் பொருந்தாது. அவர்கள் தேறச் சில வாரங்கள் ஆகலாம். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்களின் யோசனை இது: அடிபட்ட பிள்ளையை உடனே ஆட்டத்திலிருந்து விலக்க வேண்டும். ஓரிரு நாள் ஓய்வு, பின் மெல்ல நடை, படிப்பு எனப் படிப்படியாகக் கூட்டலாம். திரும்ப அடிபடக்கூடிய ஆட்டங்களுக்கு மருத்துவர் சம்மதம் தேவை.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, குழப்பமான பேச்சு, எழுப்பினாலும் விழிக்காத தூக்கம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். மற்றபடி, "நாளைக்கு மேட்ச் இருக்கிறதே" என்று பிள்ளை கெஞ்சினாலும் பெற்றோர் மனம் இளகக் கூடாது.