நார்த்தாமலைக் காடு

புதுக்கோட்டைக்கு வடமேற்கே நார்த்தாமலைக் குன்றுகள் உள்ளன. காணச் செல்லும் மாணவர், வைகறையில் புறப்பட்டுப் பாறை சுடுமுன் மேலமலை ஏறிவிடுதல் நன்று. அங்குள்ள விசயாலய சோழீச்சுரத்தைச் சாத்தன் பூதி என்பான் எடுப்பித்தான்; மழை அதனை இடித்தழிக்க, மல்லன் விடுமன் புதுப்பித்தான் எனக் கல்வெட்டுக் கூறும். மொட்டைப் பாறையில் மழைநீர் தங்காது, பாய்ந்தோடிவிடும். அதனைத் தாங்குவது அடிவாரக் காடே. புதர்களின்கீழ் மட்கிய சருகு, நீரை உறிஞ்சி மெல்ல மண்ணுள் இறக்கும்.

இவ்வட்டாரக் கோயிற்காடுகளில் வளரும் வீரையும் காசாவும் தடித்த இலையுடையன; கடுங்கோடையிலும் பசுமை மாறா. தெய்வத்திற்கு அஞ்சிச் சுள்ளியும் ஒடியாத ஊர்கள் இன்றும் உண்டு. அச்சமாயினும் நல்லச்சமே!

மாவட்டத்தின் வேறு பல இடங்களில் நிரைநிரையாக நிற்பவை, காகிதக் கூழுக்கென நட்ட தைலமரங்கள். அத்தோப்புகளைச் சூழ்ந்த வரப்புகள் கண்மாய்க்குச் செல்லும் நீரை மறிக்கின்றன என்பது உழவர் முறையீடு. மாலையில் திரும்புவோர், வழியிலுள்ள கண்மாய்க்கரையில் ஏறி, நீர் எத்திசையிலிருந்து வருகிறது என்று காண்க.