கைக்கு எட்டிய கம்பு!

ஆடித் தள்ளுபடியில் பாதி விலைக்கு ஊன்றுகோல்! மூட்டுவலியோடு மடவார் வளாகம் வைத்தியநாதர் கோவிலுக்கு நடக்கும் என் மாமியார் ஞாபகம் வர, பர்ஸைத் திறந்துவிட்டேன்.

"அளவு பார்த்தீங்களாக்கா?" என்றாள், கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண். பிசியோதெரபி படிக்கிறவள்.

"கம்புக்கென்னடி அளவு?"

"இருக்குக்கா. வழக்கமாப் போடுற செருப்போட நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டா, பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேரா வரணும். உயரமானா தோள் தூக்கும். குட்டையானா முதுகு கூனும்."

கம்பை நூலால் அளந்துகொண்டு வெறுங்கையோடு திரும்பினேன். வீட்டில் வைத்துப் பார்த்தால், அத்தைக்கு நாலு விரற்கடை அதிகம்!

மறுநாள் முழு விலை கொடுத்து, உயரம் கூட்டிக் குறைக்கும் அலுமினியக் கோல் வாங்கினேன். வலது காலில் வலி என்பதால் இடது கையில் ஊன்றி, அத்தை நிம்மதியாகக் கோவிலுக்குப் போய் வருகிறார்.

தோழிகளே, விலையைப் பார்க்குமுன் அளவைப் பாருங்கள்!

- ஒரு வாசகி, ஸ்ரீவில்லிபுத்தூர்.