35 மதிப்பெண்ணுக்கு ஒரு குறிப்பேடு போதுமா?

தை பிறந்தால் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில் சம்பா அறுவடை மும்முரமாகிவிடும். அது முடிந்ததும் உளுந்து, பயறு பிடுங்க ஆள் வேண்டும். கரும்பு வெட்டுக்குப் போகும் குடும்பங்கள் வீட்டையும் சின்னப் பிள்ளைகளையும் மூத்த பிள்ளையின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்புகின்றன. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுகள் நடப்பதும் இதே மாதங்களில்தான். ஆதிதிராவிடர் குடியிருப்புகளில் பத்தாவது படிக்கும் பிள்ளைக்கு, பாடநூலை முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்க்க அப்போது நேரம் இருக்காது. கையில் என்ன குறிப்பு இருக்கிறதோ அதுதான் துணை. அந்தக் குறிப்பு எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தே அந்தப் பிள்ளையின் அடுத்த படிப்பும் அமைகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். கடலூர் மாவட்டத்தில் அது 29 விழுக்காடு. ஆகவே, தேர்வுக் குறிப்பு என்ற சின்ன விஷயம் இந்த மாவட்டத்தில் சின்ன விஷயம் அல்ல.

பாடநூல் இலவசம், வழிகாட்டி விலைக்கு

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாடநூலும் நோட்டும் இலவசம். பத்தாம் வகுப்புக்கு 2019-20-இல் புதிய பாடத்திட்டம் வந்தது. பாடநூல்கள் பருமனாயின. பாடத்தின் பின்பக்க வினாக்களை மட்டும் படித்துத் தேர்வெழுதும் வழக்கமும் மாறியது. கேள்வி பாடத்தின் உள்ளிருந்தும் வரலாம் என்றானதும், வழிகாட்டி நூல் இல்லாமல் முடியாது என்ற எண்ணம் வலுத்தது.

வழிகாட்டி நூல் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திருச்சி அய்யம்பெருமாள் கோனாரின் தமிழ் உரையைப் புரட்டாமல் பள்ளியைக் கடந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. இன்று ஐந்து பாடங்களுக்கும் வழிகாட்டி வாங்கினால் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். 2025-26-ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட ஒரு நாள் ஊதியம் 336 ரூபாய். மூன்று, நான்கு நாள் கூலியை முழுதாக எடுத்து வைத்தால்தான் ஐந்து புத்தகமும் வீட்டுக்கு வரும்.

படித்த பெற்றோர் உள்ள வீட்டில் வழிகாட்டி என்பது பல துணைகளில் ஒன்று. சந்தேகம் வந்தால் அம்மாவைக் கேட்கலாம், டியூஷனில் கேட்கலாம். முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் கேட்க ஆள் இல்லை. குறிப்பேடுதான் ஆசிரியர். அதனால் அதில் என்ன இருக்கிறது, என்ன விடுபட்டிருக்கிறது என்பது இந்தப் பிள்ளைகளை மற்றவர்களைவிட அதிகமாகப் பாதிக்கிறது.

'மெல்லக் கற்போர்' என்னும் முத்திரை

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பல பள்ளிகளில் ஒரு பட்டியல் தயாராகும். தேர்ச்சி பெறுவது சந்தேகம் என்று கருதப்படும் மாணவர்கள் 'மெல்லக் கற்போர்' ஆவார்கள். அவர்களுக்குச் சில பக்கங்களே கொண்ட ஒரு தனிக் கையேடு தரப்படும். இதைப் பொறுப்போடு தயாரித்து, விடுமுறை நாளிலும் பள்ளிக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பள்ளியை விட்டே நின்றிருக்க வேண்டிய பல பிள்ளைகளை இந்தக் கையேடு கரையேற்றியிருக்கிறது. அதை மறுக்க முடியாது.

ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று கணிதத்தை வைத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வுக்கு 100 மதிப்பெண். அதில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் சேர்த்து 16. இந்த இரண்டிலேயே 30 வந்துவிடும். மூன்று இரு மதிப்பெண் கணக்குகளைச் சரியாகப் போட்டால் 36, தேர்ச்சிக்கு 35 போதும். ஒரு மதிப்பெண் விடைகளை மனப்பாடம் செய்து, முக்கோணத்தையும் வட்டத்தையும் வரையப் பழகினால் ஒரு பிள்ளை இயற்கணிதமும் முக்கோணவியலும் விளங்காமலே கணிதத்தில் தேறிவிடலாம்.

தேறிய பிறகுதான் பிரச்சினை தெரியும். பதினோராம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் பிரிவைக் கேட்டால் பெரும்பாலும் மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். இடம் கிடைத்தாலும், அங்கே முதல் மாதமே முக்கோணவியல் வந்து நிற்கும். பத்தாவதில் தொடாத பாடத்தின் மேல் பதினொன்றாவது பாடத்தைக் கட்ட முடியாது. "எனக்குக் கணக்கு வராது" என்று பிள்ளை தானே ஒதுங்கிக்கொள்ளும். கணக்கு வராத பிள்ளை அல்ல, கணக்கு சொல்லித்தரப்படாத பிள்ளை என்ற உண்மை அதற்குள் மறைந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பட்டியலில் யாருடைய பெயர் முதலில் எழுதப்படுகிறது? அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராத பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண், விடுதியில் இடம் கிடைக்காமல் தினமும் நடந்து வரும் பையன். இவர்கள் மெல்லக் கற்பவர்கள் அல்லர். நேரமும் இடமும் கிடைக்காதவர்கள். "இவன் பாஸ் ஆனால் போதும்" என்ற வார்த்தை காலனிப் பிள்ளையைப் பற்றி எளிதில் வந்துவிடுகிறது. சாதியைச் சொல்லாமலே சாதி வேலை செய்யும் இடங்களில் இதுவும் ஒன்று.

திறந்திருக்கும் கதவு

இதில் இழப்பு எவ்வளவு என்பதை இடஒதுக்கீட்டோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-இல் வந்தது. பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் அது விரிவானது. அதற்குள்ளும் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடம் உண்டு. அந்த 18-இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு தனி.

இவ்வளவும் இருந்தும், பதினொன்றாவதில் அறிவியல் பிரிவுக்கு வராத பிள்ளைக்கு மருத்துவ, பொறியியல் இடங்களால் பெரும்பாலும் பயனில்லை. சென்னையில் சட்டம் போட்டுத் திறந்த கதவு, ஊர்ப் பள்ளியில் ஜனவரி மாதம் கொடுத்த பத்துப் பக்கக் கையேட்டால் சாத்தப்படுகிறது. வணிகவியலோ கலைப்பாடமோ தொழிற்கல்வியோ தாழ்ந்தது என்று இதற்குப் பொருள் இல்லை. பிள்ளை விரும்பி எடுக்க வேண்டும். வேறு வழியில்லாமல் எடுக்கக் கூடாது.

இந்த மண்ணின் முன்னோடிகள்

நம் முன்னோர் கல்வியைத் தேர்ச்சிக் கணக்காகப் பார்க்கவில்லை. அயோத்திதாசர் காலத்தில், கர்னல் ஆல்காட்டின் உதவியோடு 1894-இல் சென்னையில் ஒடுக்கப்பட்டோருக்கான பள்ளி தொடங்கியது. சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று அவர் நின்றுவிடவில்லை. அது உயர்நிலைப் பள்ளியாகவும் விடுதியாகவும் வளர்ந்தது.

அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி.ராஜா ஆகியோரைப் பற்றிப் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நூலிலேயே பாடம் இருக்கிறது.  கையேட்டில் சுருக்கினால் அவர்கள் பொருத்துக வினாவில் வரும் மூன்று பெயர்கள் மட்டுமே. தன் பாட்டனார்கள் பள்ளிக்காகப் போராடிய கதையை ஒரு மதிப்பெண்ணுக்கு மட்டும் படித்துவிட்டு நம் பிள்ளை வெளியே வருகிறது.

நல்ல குறிப்பு எப்படி இருக்கும்?

நல்ல குறிப்பு பாடநூலுக்குள் அழைத்துப் போக வேண்டும். பாடநூலை மூடி வைக்கச் சொல்லக் கூடாது. மாலை நேரப் படிப்பகம் நடத்தும் இளைஞர்கள் தாங்களே தயாரிக்கக்கூடியது இது.

தமிழில் ஒவ்வொரு பத்தியையும் படித்ததும், அதன் கருத்தைப் பிள்ளை தன் பேச்சில் சொல்லட்டும். பிறகு அதையே எழுத்துத் தமிழில் இரண்டு வரியாக எழுதட்டும். நெடுவினாவை மனப்பாடம் செய்யும் வேலை பாதியாகக் குறையும்.

ஆங்கிலத்தில் பொருள் தெரியாமல் பத்தியை உருப்போடுவது பயன் தராது. ஒரு இலக்கண விதி, அதற்குத் தன் வீட்டையும் வயலையும் வைத்து மூன்று வாக்கியம். ஒரு நாளைக்கு இது போதும்.

கணிதத்தில் ஒரே வகைக் கணக்கு மூன்றை அடுத்தடுத்து எழுத வேண்டும். முதல் கணக்கு முழுதாக, ஒவ்வொரு படிக்கும் காரணத்தோடு. இரண்டாவது பாதி மட்டும். மூன்றாவது வெறும் கேள்வி. அளவியல் பாடத்துக்குக் கொத்தனார் வேலை பார்க்கும் அப்பாவையே கேட்கலாம். உருளை வடிவத் தூணுக்கு எவ்வளவு கலவை வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். சூத்திரம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். களத்தில் குவித்த நெல் கூம்புக்கு நல்ல எடுத்துக்காட்டு.

அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. சூத்திரத்தை அலகோடு சேர்த்து எழுதுவதும், படத்தைப் பார்க்காமல் வரைந்து பாகம் குறிப்பதும் வாராவாரம் நடக்க வேண்டும். சமூக அறிவியலுக்குக் காலக்கோடும் வரைபடமும் சுவரில் ஒட்டியிருக்கட்டும். அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழிக்கிறது என்பதைப் படிக்கும்போது, டீக்கடையிலும் கோவிலிலும் அது என்ன ஆனது என்று பேசிப் பார்த்த பிள்ளைக்கு அந்த எண் மறக்காது.

அண்ணன், அக்காவின் பழைய நோட்டுகளை வீசிவிட வேண்டாம். இப்போதைய பாடநூலோடு ஒப்பிட்டு, பாட ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்கி, படிப்பகத்தில் வைத்தால் அடுத்த ஆண்டுப் பிள்ளைக்கு உதவும். வழிகாட்டி நூல்களில் பாடத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால் பத்துப் பேர் பார்க்கலாம். பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இப்போதே கேட்க வேண்டியவை

தேர்ச்சிக் கையேட்டை நிறுத்தச் சொல்லவில்லை. அதை முதல் படியாக வையுங்கள் என்கிறோம். 35-ஐத் தொட்ட பிள்ளைக்கு அடுத்து 60-க்கான குறிப்பு கைக்கு வர வேண்டும். பட்டியல் ஜனவரியில் அல்ல, காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே தயாராக வேண்டும். அறுவடைக் காலத்தில் வராத பிள்ளைக்கு விட்டுப்போன பாடம் எது என்று தனியாகக் குறித்து, மாலையில் நடத்த வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கும் அதில் உரிய இடம் உண்டு. நம் குடியிருப்பிலிருந்து குழுவில் இருக்கும் தாய்மார்கள் அடுத்த கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். தேர்ச்சிக் கையேடு மட்டும் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்? சென்ற ஆண்டு நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பதினொன்றாவதில் கேட்ட பிரிவில் சேர்ந்தார்கள்? பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி வாங்க வேண்டும்.