புதன் சபரின் சாவும் சாரா நகரின் நாடகமும்

உளுந்தூர்பேட்டை அருகே அஜீஸ் நகரைப் பேருந்தில் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு காலத்தில் 'செட்டில்மென்ட்' என்பது தெரியும்? பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் 'வேப்பூர்ப் பறையர்' என்று ஒரு பிரிவைத் தனியே பெயரிட்டுக் குற்றப்பரம்பரைப் பட்டியலில் ஏற்றினார்கள். அப்படி ஏற்றப்பட்டவர்களைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்த இடம் அது. கைரேகைச் சட்டம் என்று நம் மக்கள் சொன்னது இதைத்தான். தீண்டாமையைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். ரேகையைப் பற்றி மட்டும், அது பெருங்காமநல்லூர்க் கதை, வேறு சாதிக்காரர்கள் கதை என்று நாமே ஒதுக்கிவைத்துவிட்டோம். நம் தாத்தாக்களின் விரல்களும் அந்தப் பதிவேட்டில் இருக்கின்றன.

இதை இப்போது எழுதத் தூண்டியது ஒரு நாடகக் குழுவின் வரலாறு. குஜராத்தின் அகமதாபாத் நகரில் சாரா நகர் என்றொரு குடியிருப்பு. சாரா என்பது அங்கு வாழும் மக்களின் சாதிப் பெயர். வடநாட்டுச் சான்சி மக்களோடு உறவுடையவர்கள். வீட்டில் பேசுவது பாந்து மொழி. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இவர்களையும் பிறவிக் குற்றவாளிகள் என்றது. 1930-களில் அகமதாபாத்தில் முகாம் போட்டு அடைத்தது வெள்ளை அரசு. நாட்டுக்கு 1947 ஆகஸ்ட் 15-இல் விடுதலை. இவர்களுக்கு 1952 ஆகஸ்ட் 31-இல்தான். ஐந்து ஆண்டும் பதினாறு நாளும் பிந்திக் கிடைத்த விடுதலை என்பதால் சீர்மரபினர் பலரும் ஆகஸ்ட் 31-ஐயே தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சட்டம் போனது, பேர் போகவில்லை. 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் என்று மாநிலங்கள் வேறு பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தன. சாரா நகர் முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது. மதுவிலக்கு மாநிலத்தில் பல குடும்பங்கள் சாராயம் காய்ச்சின; திருட்டிலும் சிலர் இருந்தார்கள். இதை அவர்கள் மறைப்பதில்லை. அந்தக் காசில்தான் பிள்ளைகள் படித்தார்கள், பலர் வழக்கறிஞர்கள் ஆனார்கள். ஊர்பேர் கேட்டதும் நமக்குச் சாராயம் நினைவுக்கு வருவது வெறும் ஒலிப் பொருத்தம். ஆனால் அகமதாபாத்காரர்களுக்கு அது மட்டுமே நினைவுக்கு வருகிறது என்பதுதான் கொடுமை.

இனி வங்காளத்துக்குப் போக வேண்டும். புருலியா மாவட்டத்தில் கேரியா சபர் என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். அவர்களும் அதே பட்டியலில் இருந்தவர்கள்தாம். 1998 பிப்ரவரி 10 அன்று புதன் சபர் என்ற இளைஞரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. பிப்ரவரி 17-இல் அவர் காவலில் இறந்தார். தூக்குமாட்டிக்கொண்டார் என்றது காவல்துறை.

உடலை எரித்துவிட்டால் சாட்சியும் எரிந்துவிடும் என்பது சபர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. உடலைக் குடிசைக்குள்ளேயே புதைத்து வைத்துவிட்டு, வைக்கோல் பொம்மையைப் போன்ற ஓர் உருவத்தைச் சிதையில் வைத்து எரித்தார்கள். மறு பிரேதப் பரிசோதனைக்கு உடல் கிடைத்தது இப்படித்தான். சபர் நலச் சங்கம் தொடுத்த வழக்கில், அச்சங்கத்தோடு நின்றவர் எழுத்தாளர் மகாசுவேதா தேவி. அதே ஆண்டு ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி ரூமா பால், சி.பி.ஐ. விசாரணைக்கும் புதனின் மனைவி ஷியாமளிக்கு இழப்பீட்டுக்கும் உத்தரவிட்டார். எழுத்தறியாத மக்கள் ஒரு பொய்ச் சிதையை மூட்டி உயர் நீதிமன்றம் வரை போனார்கள். நாடகம் உண்மையில் அந்தச் சிதையிலேயே தொடங்கிவிட்டது என்று எங்களுக்குத் தோன்றும்.

மகாசுவேதா தேவி, மொழி அறிஞர் கணேஷ் தேவி, 'உச்சல்யா' எழுதிய லட்சுமண் கெய்க்வாட் ஆகியோர் அந்த ஆண்டுதான் சீர்மரபினருக்கான உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். மகாசுவேதாவும் தேவியும் சாரா நகருக்கு வந்தபோது இளைஞர்களோடு பேசியதில் முதலில் உருவானது ஒரு நூலகம். அடுத்தது நாடகம். நீதிமன்றத்தில் வந்த புதனின் கதையையே அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். 1998 ஆகஸ்ட் 31 அன்று, சீர்மரபினர் மாநாட்டில், சாரா நகரிலேயே 'புதன்' நாடகம் அரங்கேறியது. தீர்ப்பு வந்து இரண்டு மாதம் ஆகவில்லை. குழுவுக்கும் அதே பெயர் நின்றது: புதன் தியேட்டர்.

நடித்தவர்கள் யாரும் நடிகர்கள் அல்லர். மாணவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். காட்சி அமைப்பு, ஒளி, உடைப் பெட்டி என்று எதுவும் தேவையில்லாத தெருநாடக வடிவம். நடிகர்களின் உடம்பே சிறைக் கம்பியாகும், நீதிமன்றமாகும். முடிவில் எல்லோரும் பார்வையாளர் பக்கம் திரும்பி, இந்நாட்டில் நாங்கள் எந்தத் தரத்துக் குடிமக்கள் என்ற பொருளில் கேட்கிறார்கள். எங்களைக் கட்டிப்போடுவது அந்த முடிவைவிடப் போலீஸ் வேடம்தான். லத்தியை எப்படிப் பிடிப்பது, எந்தக் கணத்தில் குரலைத் தாழ்த்துவது என்பதையெல்லாம் சாரா இளைஞனுக்குச் சொல்லித்தர இயக்குநர் தேவையில்லை. அடிவாங்கியவனுக்கு அடிப்பவனின் உடல்மொழி மனப்பாடம். ஆயிரம் மைல் தள்ளி, வேறு மொழி பேசிய ஒருவரின் சாவைத் தங்கள் வீட்டுச் சாவாக அவர்கள் நடித்ததற்கும் வேறு விளக்கம் தேவையில்லை.

அதன்பின் குழு நிற்கவில்லை. மகாராஷ்டிரத்தில் காவலில் இறந்த பார்தி இனத்தவரான பின்யா ஹரி காளேயின் கதையை நாடகமாக்கினார்கள். வீடிடிப்பைப் பற்றி 'புல்டோசர்' போட்டார்கள். மகாசுவேதாவின் கதையை, பாதல் சர்க்காரை, பிரெஞ்சு நாடகாசிரியர் ழான் ழெனேயைக்கூடத் தங்கள் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். ழெனே சிறைக்குப் போன திருடர். சாரா நகர் அவரைச் சொந்தக்காரராகப் பார்த்ததில் வியப்பில்லை. குழுவின் தக்ஷின் பஜ்ரங்கே ஆவணப்படங்களும் எடுத்தார். குழுவிலிருந்து சிலர் டெல்லி தேசிய நாடகப் பள்ளி வரை சென்றார்கள். இக்குழுவைப் பற்றி 2011-இல் 'பிளீஸ் டோன்ட் பீட் மீ, சார்' என்ற ஆவணப்படம் வந்தது.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று எழுதினால் பொய். குழு தொடங்கி இருபதாவது ஆண்டான 2018-இல், ஜூலை மாத இரவொன்றில் போலீஸ் சாரா நகருக்குள் புகுந்தது. வழக்கறிஞர்களும் பத்திரிகைப் புகைப்படக்காரரும் உட்படப் பலர் அடிபட்டதாகக் குடியிருப்பு மக்கள் குற்றம் சாட்டி, தெருவில் இறங்கிப் போராடினார்கள். வழக்கறிஞர் கோட்டும் கேமராவும் காப்பாற்றவில்லை, முகவரிதான் முன்னால் நின்றது.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 1993-இல் முதனை ராஜாக்கண்ணு கம்மாபுரம் போலீஸ் காவலில் இறந்தார். தப்பி ஓடிவிட்டார் என்றது போலீஸ். அவர் குறவர் சமூகத்தவர். 2021-இல் 'ஜெய்பீம்' வந்தபோது ஊரெல்லாம் அழுதது, நாங்களும் அழுதோம். ஆனால் திரையில் அவர் இருளராகத்தான் வந்தார். படத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு சாவு எல்லா மாவட்டத்துக்கும் தெரிய அது உதவியது. கேள்வி நமக்குத்தான். இருபத்தெட்டு ஆண்டுகளில் அந்தக் கதையை இந்தப் பக்கத்துச் சேரியோ குறவர் குடியோ ஒருமுறையாவது தானே நடித்துக் காட்டியதா? கே.ஏ. குணசேகரனின் 'பலி ஆடுகள்' போன்ற முன்னோடி நமக்கு இருந்தும், நம் வீதி நாடகக் குழுக்கள் பெரும்பாலும் ஒரு திட்டத்தோடு தொடங்கி, திட்டம் முடிந்ததும் பறையை ஆணியில் மாட்டிவிடுகின்றன. சாரா நகரில் அது நேராததற்கு ஒரு காரணம், குழு அந்தத் தெருவிலேயே வீடு வைத்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இப்போது ஒரு முயற்சி நடக்கிறது. ஒன்பது பிள்ளைகள், மாலை நேரத்தில், ரேஷன் கடைத் திண்ணையில் ஒத்திகை. சாரா நகர்க் கதையைச் சொன்னோம், ஆர்வமாகக் கேட்டார்கள். இறந்தவர் வேடத்துக்கு மூவர் போட்டி போட்டார்கள். போலீஸ் வேடத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. நன்றாக நடிக்கக்கூடிய ஒரு பையனிடம் கேட்டதற்கு, "எங்கப்பாவ இழுத்துட்டுப் போனப்ப நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன் தோழர், அந்தக் கொரலு எனக்கு வந்துடும்னு பயமா இருக்கு" என்றான். நாங்கள் வற்புறுத்தவில்லை. மறுநாளும் அவன் ஒத்திகைக்கு வந்தான். லத்திக்கென்று வெட்டி வைத்திருந்த சவுக்குக் கழியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, திண்ணையில் சாத்திவைத்தான்.