மேய்ச்சலால் வாழும் பூண்டு

இங்கிலாந்தின் சுண்ணக்கல் மேடுகளில் நிலத்தோடு படர்ந்து வளரும் ஒரு சிறு பூண்டு உண்டு. அதன் பெயர் காட்டுத் தைம். நமது துளசியின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கசக்கினால் நல்ல வாசம் வரும். கோடையில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் பூக்கும்.

வளமான மண்ணில் இதைக் காண்பது அரிது. ஆழமில்லாத மண்ணும், நீர் தங்காத சரிவும், நல்ல வெயிலுமே இதற்கு ஏற்றவை. தைம் உயர்ந்து வளராது. மண்ணில் பசளை கூடினால் புல் உயர்ந்து அதை மூடிவிடும். ஆடு, மாடு, முயல் என்பன புல்லைக் கட்டையாக வைத்திருக்கும் வரைதான் தைமுக்கு இடமுண்டு.

இப்பூண்டை நம்பி வாழ்வது பெருநீலம் என்னும் வண்ணத்துப்பூச்சி. அது தைம் மொட்டில் முட்டையிடும். புழு சுமார் மூன்று வாரம் பூவைத் தின்றுவிட்டு நிலத்தில் விழும். ஒருவகைச் சிவப்பெறும்பு அதைத் தன் குஞ்சென்று எண்ணிப் புற்றுக்குள் தூக்கிச் செல்லும். அங்கே அது எறும்புக் குஞ்சுகளைத் தின்று பல மாதங்கள் வளரும்.

இவ்வண்ணத்துப்பூச்சி குறையத் தொடங்கியபோது, பிடித்துச் செல்வோரே காரணம் என்று எண்ணி ஓரிடத்தில் வேலி அடைத்தார்கள். வேலி கால்நடைகளையும் தடுத்துவிட்டது! 1950களில் ஒரு நோய் முயல்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றது. வருமானம் குறைந்த மேடுகளில் கமக்காரரும் மேய்ப்பதைக் கைவிட்டனர். புல் உயர்ந்தது. தைம் சில இடங்களில் எஞ்சி நின்றாலும், நிழல் விழுந்து நிலம் குளிர்ந்ததால் அந்த எறும்பு இல்லாமற் போயிற்று. 1979இல் பெருநீலம் அந்நாட்டில் அற்றுப்போனது.

இக்காரணத்தை 1970களில் ஆராய்ந்து கண்டவர் ஜெரமி தோமஸ் என்னும் விஞ்ஞானி. அதன்பின் பற்றைகளை வெட்டி, மந்தைகளைத் திரும்ப விட்டார்கள். 1983 முதல் சுவீடனிலிருந்து அந்த வண்ணத்துப்பூச்சியைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று தென்மேற்கு இங்கிலாந்தில் அது மீண்டும் பறக்கிறது. அளவுக்கு மிஞ்சி மேய்ந்தாலும் கேடுதான். ஆகவே பூக்கும் காலத்தில் மந்தையைக் குறைத்துவிடுவார்கள்.

ஆளும் மாடும் இல்லாத காணியைப் பற்றை மூடுவதை நம்மில் பலர் கண்ணாரக் கண்டிருக்கிறோம். நிலத்தைச் சும்மா விடுவது அதைக் காப்பதாகாது. திரும்பிச் சென்று காணி திருத்தும்போது, முன்பு மந்தை மேய்ந்த தரவை எது, அங்கே நின்ற மூலிகைகள் எவை என்று பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். அந்த அறிவும் உங்கள் காணியின் ஒரு பகுதியே.