தொற்றாளரின் வாக்கும் மறைவும்: கேரள உள்ளாட்சித் தேர்தல் 2020

ஊராட்சிகளின் பதவிக்காலம் ஐந்தாண்டுகள். அதற்கு மேல் நீடித்தலாகாது என இந்திய அரசமைப்பின் 243-இ உறுப்பு வரையறுக்கிறது. நகராட்சிகளுக்கு 243-யு உறுப்பு இதனையே கூறுகிறது. கிஷன்சிங் தோமர் – அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் (2006) உச்ச நீதிமன்றம் இயற்கைப் பேரிடரை விதிவிலக்கான சூழல்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டதேயன்றி, தாமதத்திற்குப் பொதுவான இசைவு எதனையும் வழங்கவில்லை. கொரோனா பெருந்தொற்றின்போது கேரளம் எதிர்கொண்ட சிக்கலின் சட்டப் பின்புலம் இதுவே. 2020 நவம்பர் 11இல் பதவிக்காலம் முடிவுற, நிர்வாகம் அலுவலர் குழுக்களிடம் சென்றது. டிசம்பர் 8, 10, 14 ஆகிய நாள்களில் 1,199 உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தேர்தல் நடைபெற்றது.

வாக்களிப்பு ஏறத்தாழ 76 விழுக்காடு. அதே ஆண்டு மார்ச் 15இல் நடந்த பிரான்சு நகராட்சித் தேர்தலின் முதற்சுற்றில் 45 விழுக்காட்டினர்கூட வாக்களிக்கவில்லை. எனினும் தொற்றின் தொடக்கநாள் திகைப்பையும், ஒன்பது மாதப் பழக்கத்திற்குப் பிந்தைய நிலையையும் நேர்நிறுத்தி ஒப்பிடுதல் பொருந்தாது. கேரளத்தில் ஆய்வுக்குரியது வாக்கு விழுக்காடன்று; நோயாளியை வாக்காளராகக் கையாண்ட முறையே.

வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் முன்னிருந்து முந்தைய நாள் பிற்பகல் 3 மணி வரை தொற்று உறுதியானோரும் தனிமைப்படுத்தப்பட்டோரும் ‘சிறப்பு வாக்காளர்’ எனச் சுகாதாரத் துறையின் சான்றளிக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றனர். பாதுகாப்பு உடையணிந்த அலுவலர்கள் வாக்குச்சீட்டுகளுடன் அவர்தம் இல்லம் சென்றனர். கிராமத்து வாக்காளருக்குக் கிராம, வட்டார, மாவட்ட ஊராட்சிகளுக்கென மூன்று சீட்டுகள். 3 மணிக்குப் பின் தொற்று உறுதியானோர் வாக்குச்சாவடிக்கே வந்து, பிறர் வாக்களித்து முடித்தபின் இறுதியாக வாக்களித்தனர். பட்டியலில் இடம்பெற்ற ஒருவர் வாக்குப்பதிவுக்கு முன் நலமடைந்தாலும் சாவடிக்குச் செல்ல இயலாது. நோய் நீங்கிய பின்னரும் பட்டியல் அவரை விடவில்லை என்பது கருதத்தக்கது. இருமுறை வாக்களிப்பதைத் தடுக்க இவ்விறுக்கம் தேவைப்பட்டது எனலாம்.

மறைவு வாக்கெடுப்பு பற்றிய வினா இங்கேயே எழுகிறது. சாவடியின் மறைப்புத் தட்டி வாக்காளரை அயலாரிடமிருந்து மட்டுமன்றித் தம் குடும்பத்தாரிடமிருந்தும் காக்கிறது. வீட்டுக் கூடத்தில் அத்தட்டி இல்லை. பாதுகாப்பு உடையுடன் அலுவலர் ஒரு வாசலில் நிற்பதே அவ்வீட்டின் நோய்ச்செய்தியைத் தெருவுக்கு அறிவித்துவிடும். மேலும், கிராம ஊராட்சி வார்டு மிகச் சிறிய அலகு. அஞ்சல் வாக்குகள் வார்டு வாரியாகத் தனியே எண்ணப்படுகின்றன. ஒரு வார்டில் இரண்டோ மூன்றோ அஞ்சல் வாக்குகளே இருந்து, அவை யாவும் ஒரே வேட்பாளருக்கு விழுந்திருப்பின், எண்ணும் மேசையைச் சுற்றி நின்ற முகவர் அனைவருக்கும் அவற்றை அளித்தவர் யார் யார் என்பது விளங்கிவிடும். சட்டமன்றத் தொகுதியின் பெருந்திரளில் எழாத இடர் இது. அஞ்சல் வாக்குகளைப் பிற வாக்குகளோடு கலந்து எண்ணியிருப்பின் இது தணிந்திருக்கும். ஆயின் ஏனைய வாக்குகள் இயந்திரத்தில் இருந்தன.